பொம்மை கேமராவில் பதினோரு படம்

எங்கள் ஆஸ்பத்திரியில் அவருக்கு மூச்சண்ணன் என்று பெயர். எக்ஸ்ரே அறையில் இருபத்தாறு வருடமாக, "மூச்ச இழுங்க, அப்படியே பிடிங்க, ஆடாதீங்க" என்று சொல்லிச் சொல்லி வந்த பெயர். பக்கத்து அறையில் சீட்டு எழுதும் நானே சில சமயம் அவர் குரலுக்கு மூச்சைப் பிடித்திருக்கிறேன்.

அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அண்ணி; அவருக்கு வயிற்றில் புற்று. டாக்டர் கைவிரித்துவிட்டார். மருந்தில் முடி கொட்டி முகம் வற்றிப்போயிருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அவரை ஒழுங்காக ஒரு படம்கூட எடுக்கவில்லை என்பது அண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஊரார் எலும்பையெல்லாம் படம் பிடித்த மனுஷன்! போனைத் தூக்கினால் அண்ணி போர்வைக்குள் புகுந்துகொள்வார்.

"எடுத்த உடனே காட்டுவீங்க. எனக்குப் பாக்க வேணாம்."

அதனால்தான் அந்த பிளாஸ்டிக் கேமரா. விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும், ஆனால் ஃபிலிம் போடலாம். கழுவினால்தான் படம் தெரியும் என்பதால் அண்ணி சம்மதித்தார். முதல் சுருளை அண்ணன் வாளி, ஜன்னல், செருப்பு என்று எடுத்துப் பழகினார். மூடி இடுக்கில் வெளிச்சம் புகுந்து பாதி கெட்டது; கறுப்பு டேப் ஒட்டினார். ஃபிலிமைத் திருகி நகர்த்த மறந்ததில் ஒன்றின்மேல் ஒன்று பதிந்து, படத்தில் வாளிக்குள் செருப்பு மிதந்தது. அதைப் பார்த்து அண்ணி வாய்விட்டுச் சிரித்தாராம். அன்று முழுக்க அண்ணன் எங்களிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது சுருளில் பன்னிரண்டில் பதினொன்று அண்ணிதான். தலையில் துண்டு கட்டாமலே உட்கார்ந்தார். மிச்சம் ஒன்று. "அதுல உங்க வேலை ரூமை எடுங்க. நான் பாத்ததே இல்ல" என்றார்.

மறுநாள் காலை அண்ணன் கேமராவைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். அன்று பார்த்து நெஞ்சுப் படத்துக்குக் கூட்டம் அலைமோதியது. நோயாளிகள் நெஞ்சைச் சாய்த்து நிற்கும் பலகைக்குப் பின்னால் கொக்கியில் பையை மாட்டிவிட்டு வேலையில் இறங்கிவிட்டார். ஒவ்வொரு ஆளுக்கும் தான் மட்டும் ஈயச் சுவருக்குப் பின்னால் போய் நின்று பட்டனை அழுத்தினார். பதினான்கு பேர். முன்பெல்லாம் ஃபிலிமைக் கண்டால் கை தானாகக் கதிர் புகாத ஈயப் பெட்டிக்குப் போகும். கம்ப்யூட்டர் வந்தது, பெட்டியும் போயிற்று, அந்தப் பயமும் போயிற்று. எனக்கு இன்றும் ஆத்திரம் அடங்கவில்லை, அவர்மேலா வேறு யார்மேலா என்று தெரியாது. மத்தியானம் அறையை ஒரு படம் எடுத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை, குளியலறைக் கதவிடுக்கில் துணி செருகி, தானே கழுவினார். சுருள் முழுக்கக் கறுப்பு. பல்புக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அண்ணி முகம் இருக்க வேண்டிய இடத்தில், பையில் கிடந்த சாவிக்கொத்தின் அச்சு. பதினான்கு தடவை பாய்ந்த எக்ஸ்ரே என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஈரத் தரையிலேயே உட்கார்ந்து அழுதார்.

"ஏங்க, எப்படி வந்திருக்கு?" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது.

ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். இந்த மனுஷனுக்கு அது வராது.

"எல்லாம் போச்சும்மா. என் கையாலேயே கெடுத்துட்டேன்."

அண்ணி திட்டவில்லை. "சரி விடுங்க. என்னைத் தூக்கி உக்கார வைங்க. இன்னொரு தடவ எடுங்க."

"ஃபிலிம் தீந்துடுச்சு. வெளியூர்ல இருந்து வரணும். நாலு நாள் ஆகும்."

"நாலு நாளா?" என்றார் அண்ணி.