சம்பந்தியின் முகத்தில் சாம்பார்

கிணத்துக்கடவு மண்டபத்தில் முதல் பந்தி உட்கார்ந்தாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டு ஜனம் முழுவதும் இலைக்கு முன்னால். ஆனால் ஒருவரும் சாப்பிடவில்லை. சாதத்தோடு போன என் ஆட்கள் எல்லோரும் சாதத்தோடு திரும்பி வந்தார்கள். பந்திக்கு முந்து என்று பழமொழி சொன்னவன் அன்றைக்கு அங்கே இருந்திருந்தால் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் போயிருப்பான்.

காரணம் இலை. ஒவ்வொரு இலையிலும் மாப்பிள்ளையின் அப்பா இருந்தார்.

கேட்டரிங்கில் பந்தி சூப்பர்வைசராக நின்றே எனக்குத் தலை நரைத்துவிட்டது. சாம்பார் தீய்ந்ததைச் சமாளித்திருக்கிறேன், மாப்பிள்ளை காணாமல் போனதைக்கூடச் சமாளித்திருக்கிறேன். இலையில் சம்பந்தி வந்தது அதுதான் முதல் தடவை.

பெண் வீட்டார் சிங்காநல்லூரில் ஃபவுண்டரி வைத்திருப்பவர்கள். பெண்ணின் தங்கை தாரணி ஓவியக் கல்லூரியில் கடைசி வருடம். சும்மா இருக்கிற பெண் இல்லை. போன வருடம் அப்பாவின் வேட்டியில் பீட்ரூட் சாற்றைத் தடவி, மொட்டை மாடி வெயிலில் போட்டு, வீட்டு நாயின் படத்தை அதில் வரவழைத்தாளாம். மனுசன் பார்க்காமல் அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு ஒரு சீமந்தத்துக்கே போய்விட்டார்.

அக்கா கல்யாணத்துக்கு அவள் கண்டுபிடித்தது வாழை இலை. சம்பந்தி தூரத்தில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தபோது, நிச்சயதார்த்தத்தன்று அவருக்கே தெரியாமல் எடுத்த போட்டோ ஒன்று அவளிடம் இருந்தது. அதை நெகட்டிவாக பிளாஸ்டிக் ஷீட்களில் அச்சடித்து, வாழை மரங்களில் புதிதாக விரிந்த இலைகளின் மேல் கிளிப் போட்டுவிட்டாள். வெயில் படாத இடம் வெளுக்கும், பட்ட இடம் பச்சையாகவே இருக்கும். ஷீட்டை எடுத்தால் முகம் வெளிர் மஞ்சள், மீசை கரும்பச்சை. சும்மா சொல்லக்கூடாது, அசல் அவரேதான். சாப்பிட்ட பிறகு அந்த எச்சில் இலைகளைப் படம் எடுத்துக் கல்லூரியில் வைக்க வேண்டும், அதற்குத்தான் மார்க். எப்படிப்பட்ட படிப்பெல்லாம் வந்துவிட்டது பாருங்கள். சம்பந்திக்கு இதைவிடப் பெரிய மரியாதை உண்டா என்று அப்பாவும் தலையாட்டிவிட்டார். எனக்கு இலைக்கட்டு மண்டபத்துக்கு வந்த பிறகுதான் விஷயம் தெரியும்.

முதலில் தடுமாறியது என் ஆள் முருகேசன். உப்பை நெற்றியில் வைத்தான். பொரியலைக் காதோரம் ஒதுக்கினான். சாதக் கூடையோடு வந்தவன் அப்படியே நின்று என்னைப் பார்த்தான்.

"அண்ணா, சாதம் வாய் மேலயா வெக்கறதுங்?"

அதற்குள் விருந்தாளிகள் இலைக்கு மேல் கையை நீட்டி வேண்டாம் வேண்டாம் என்றார்கள். எல்லோரும் சம்பந்தியின் தோப்பில் வேலை பார்ப்பவர்கள், அவர் வீட்டில் பெண் கொடுத்தவர்கள், எடுத்தவர்கள். யாருக்கு அந்த மீசை மேல் குழம்பு ஊற்றத் துணிச்சல் வரும்? ஸ்டோரில் வெற்று இலை இருந்தது. இருந்து என்ன செய்ய? உட்கார்ந்தவர் முன்னால் இருந்து இலையை எடுத்தால் அது எழுந்து போ என்று சொன்ன மாதிரி. திருப்பிப் போட்டால் அதைவிட மோசம்.

சம்பந்திப் பெரியவர் சாப்பிட்டால் மற்றவர்களும் சாப்பிடுவார்கள் என்று அவரிடம் போனேன். அவர் தன் இலையைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கண் கலங்கியிருந்தது.

"ஏனுங்க, எத்தனையோ கல்யாணத்துல போட்டோவுக்கு நின்னுபோட்டேன். ஒண்ணுலயாச்சும் நான் இப்படி இருந்ததில்லீங்க. இது மேல எப்படீங்க கை வெக்கறது?"

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பெண்ணின் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். சம்பந்தி வீடு சாப்பிடாமல் எழுந்தால் அந்தப் பேச்சு பொள்ளாச்சி வரைக்கும் போகும், மாலையில் பெண் அந்த வீட்டுக்குத்தான் போய் விளக்கேற்ற வேண்டும் என்றார். தாரணி கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு ஐஸ்கிரீம் கவுண்டருக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்தாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அப்போது எதிர் வரிசையில் இருந்து ஓர் அம்மா முருகேசனைக் கைகாட்டிக் கூப்பிட்டார். மாப்பிள்ளையின் அம்மா. அதுவரை வாயே திறக்காதவர். அவர் முன்னாலும் அவர் வீட்டுக்காரர்தான் மீசையோடு படுத்திருந்தார்.

"கண்ணு, அந்தச் சாதத்தை இங்க வையி. வாய் மேலயே வையி. சாம்பாரும் அங்கயே ஊத்து. கல்யாணமான நாள்லிருந்து என்ற சமையல்ல உப்பில்லை, உறைப்பில்லைன்னு சொன்ன வாயிதானே. நல்லாக் குளிக்கட்டும்."

முருகேசன் ஊற்றினான். அந்த அம்மா மீசையைச் சேர்த்துப் பிசைந்தார். முதல் உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் இருந்த நாத்தனாரைப் பார்த்து, "நீயும் சாப்பிடு அம்மணி, உங்கண்ணன் ஒண்ணும் கடிக்க மாட்டாரு" என்றார். நாத்தனார் சிரித்துவிட்டார். அந்த வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. பெண்கள் வரிசை முதலில் பிசைந்தது, பிறகு ஆண்கள் வரிசை. அப்பளத்தை ஒருவர் மூக்கு மேல் வைத்து நொறுக்கினார். தாரணி முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து வரிசை வரிசையாகப் படம் எடுத்தாள். என் ஆட்கள் ரசத்துக்கு ஓடினார்கள்.

கடைசியாகப் பெரியவரும் தன் நெற்றியை விட்டுத் தாடையோரமாகக் கொஞ்சம் சாதம் வாங்கிச் சாப்பிட்டார். பிறகு எதிர் வரிசைக்குக் கேட்கிற மாதிரி தொண்டையைச் செருமினார்.

"உப்பு, உறைப்பு எல்லாஞ் சரியாத்தான் இருக்குதுங்க."

அந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இது கேட்டரிங்காரரு வெச்சதுங்க. அவருகிட்டச் சொல்லுங்க."

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பந்தி நின்றுபோனால் பெரிய மனுசன் காலில் போய் விழாதீர்கள். அவர் வீட்டம்மா எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். சாம்பார் வாளியை முதலில் அங்கே அனுப்புங்கள்.