கரும்பு பூத்த பல்லவி

எங்கள் இன்னிசைக் குழுவில் மெட்டுதான் முதலில் வரும். கீபோர்டு வாசிப்பவர் அதை முனகி வாட்ஸ்அப்பில் அனுப்புவார். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் டவுன் பஸ்ஸில் கேட்டுக்கொண்டே நான் வார்த்தை வைப்பேன். முதலில் பொருள் பார்ப்பதில்லை. கடைப் பெயர், செய்தித் தலைப்பு என்று அளவுக்குப் பொருந்துவதைப் போட்டுவைத்து, பிறகு ஒவ்வொன்றாக மாற்றுவேன். நிருபர் வேலை பழக்கிய முறை அது.

அந்த வருடப் பொங்கல் விழாவில் எங்கள் சொந்தப் பாட்டு ஒன்றைப் பாட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். குழுவை நடத்தும் பாடகி ஒப்புக்கொண்டார். "ஜனம் எழுந்து போயிடுச்சின்னா, இனிமே சினிமாப் பாட்டு மட்டுந்தான் சார்."

பஸ்ஸுக்கு இருபுறமும் கரும்பு வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. பல்லவி கிடைத்துவிட்டது: 'கரும்பு பூத்தது கண்ணே, கல்யாணம் எப்போது?'

வடக்கனந்தலில், பாடகி வீட்டு மாடியில் ஒத்திகை. ரிதம் பேடு வாசிப்பவர் இரண்டு ஏக்கர் கரும்பு போட்டிருப்பவர். முதல் வரியிலேயே குச்சியைக் கீழே வைத்தார்.

"இன்னா சார் இது? கரும்பு பூத்தா கல்யாணமா? எங்க வூட்ல எழவு வுழுந்த மாரி குந்திக்கினு இருக்கோம்."

"ஏன்?"

"ஆலையில இருந்து கட்டிங் ஆர்டர் வரல. பூ வாங்கிட்டா உள்ள சக்கை, எடை கம்மி. பேப்பர்ல எழுதுற ஆளுக்கு இதுகூட தெரியாதா?"

பாடகி சிரித்தார். "மேடையில பாடினா கரும்பாலயே அடிப்பாங்க."

கரும்பு விவசாயிகளைப் பற்றி எத்தனையோ செய்தி எழுதியிருக்கிறேன். எதிலும் பூ இல்லை.

மெட்டையும் பல்லவியின் முதல் பாதியையும் நான் தொடவில்லை. பேட்டி எடுப்பதுபோல் பேடு வாசிப்பவரிடம் கேட்டுக் குறித்தேன்: தோகை காய்வது, எலி கடிப்பது, வெட்டு ஆட்கள் வேறு ஊர் போய்விடுவது. எல்லாம் சரணமானது. பல்லவி இப்படி முடிந்தது: 'கரும்பு பூத்தது கண்ணே, வெட்ட ஆள் வரக் காணோமே.' அவரே தாளத்தின் வேகத்தைக் குறைத்தார்.

விழா மேடையில் 'பூத்தது' என்றதும் முன்வரிசையில் ஒருவர் கேலியாகச் சிரித்தார். அடுத்த பாதியில் சிரிப்பு நின்றது. பின்னாலிருந்த டிராக்டர் மேலிருந்து ஒரு குரல்: "அப்டி சொல்லும்மா!"

யாரும் எழவில்லை. பல்லவியை மறுபடி பாடச் சொன்னார்கள்; பாடகி பாடினார். முடித்ததும் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, பேடு வாசிப்பவரைக் கண்ணால் காட்டினார்.

"அடுத்ததையும் எழுதுங்க சார். பூ, காய் எது வந்தாலும் மொதல்ல அவர கேட்டுக்குங்க."