வால்பாறைக் கதைக்கு வந்த கமெண்டுகள்

ஆணும் ஆணும் காதலிக்கும் கதைகளை ஒரு செயலியில் புனைபெயரில் எழுதி வந்தேன். ஒவ்வொன்றும் நாலைந்து பக்கம்தான். படுக்கையும் வரும், அதை மூடி மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. கோயமுத்தூரில் ஒரு பம்பு கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை. போத்தனூரில் பஸ் ஏறும்போது உட்கார இடம் கிடைத்தால் அன்றைக்கு இரண்டு பத்தி தேறும்.

திட்டுகிறவர்கள் திட்டினார்கள். சிலர், இன்னும் சூடாக எழுதச் சொன்னார்கள். அடுத்தது எப்போது என்று கேட்டுக் கேட்டுப் படித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களில் ஒருவர் என் பக்கத்து மேசை அக்கா என்று ஒரு மதியம்தான் தெரிந்தது. சோற்றைப் பிசைந்தபடியே போனை என் பக்கம் திருப்பினார்.

"இதப் படிச்சயா கண்ணு? வால்பாறை பஸ் கண்டக்டரும் டீ ஃபேக்டரி மெக்கானிக்கும். அந்த ரெண்டு பேர்த்தையும் எப்படியாச்சும் சேத்தி வெச்சுப்போடோணும்."

"அந்த மாதிரி இடமெல்லாம் வருமேக்கா?"

"அதையெல்லாம் தள்ளி உட்டுருவேன்" என்றவர், கொஞ்சம் பொறுத்து, "பொய் சொல்றேன்" என்று சிரித்தார்.

எழுதியது நான்தான் என்று சொல்லவில்லை. சாயங்காலம் அவருடைய கமெண்டுகளைத் தேடிப் பார்த்தேன். மதியம் அவர் போனில் பார்த்த, செம்பருத்திப் படம் வைத்த கணக்கு. 'மனசுக்குப் புடிச்சா ஆணென்ன பொண்ணென்ன' என்று எழுதியிருந்தார். பஸ்ஸில் வீடு வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன். கால் வலி தெரியவில்லை.

சில மாதம் கழித்து அவரே எனக்குப் பெண் பார்த்தார்.

"எங்க சின்னம்மா பேத்தி. நம்ம ஆளுகதான். உனக்கு ரொம்பப் பொருத்தமா இருப்பா கண்ணு."

எல்லாரிடமும் சாக்குச் சொல்லிச் சலித்துப்போயிருந்தேன். அந்தக் கமெண்டை எழுதியவர்தானே என்று நம்பிச் சொன்னேன்.

"எனக்குப் பொண்ணு வேண்டாமுங்க்கா. நீங்க படிக்கற கதைல வர்றவங்க மாதிரித்தான் நானும்."

அவர் கோபப்படவில்லை. பட்டிருந்தால் தேவலை. டப்பாவை மூடினார்.

"கதை வேறங்க. ஊடு வேறங்க" என்றார். சேர்ந்த நாளிலிருந்து என்னை 'நீ' என்றே கூப்பிட்டவர். "எங்கூர்க் கோயில் நோம்பிக்கு உங்களக் கூப்பிட்டிருந்தனுங்க. வர வேண்டாமுங்க. எங்க ஊட்டுக்காரருக்குத் தெரிஞ்சா வம்பு."

எங்கள் பக்கம் ஒருவரை விலக்கி வைக்கக் கெட்ட வார்த்தை எதுவும் தேவைப்படுவதில்லை.

மறுநாளிலிருந்து அவர் ஸ்டோர்ஸ் பெண்களோடு சாப்பிடப் போனார். நான் பஸ்ஸில் உட்கார்ந்து அடுத்த கதையை எழுதினேன். கண்டக்டருக்குக் கல்யாணம் செய்துவைத்தேன். மெக்கானிக், சொல்லாமல் கொள்ளாமல் எஸ்டேட்டை விட்டுப் போனான். வெளியிட்ட அன்று மதியமே செம்பருத்தியிடமிருந்து கமெண்ட் வந்தது:

'ஏனுங்க, உங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லீங்களா? ரெண்டு உசுர இப்படிப் பிரிச்சுப்போட்டீங்களே.'

தலையைத் தூக்கிப் பார்த்தேன். பக்கத்து மேசையில் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிஜமாகவே அழுதிருந்தார். மூக்கு சிவந்திருந்தது.

நீளமாக ஒரு பதில் அடித்து, அழித்தேன். எல்லாருக்கும் போடுகிற மாதிரி, 'படித்ததற்கு நன்றி' என்று மட்டும் போட்டேன். உடனே அதற்கு ஒரு இதயம் வந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வவுச்சர்களை எடுத்தார்.

அதற்குப் பிறகு அந்த இருவரைப் பற்றி நான் எழுதவில்லை.