கமீலா விழுங்கிப் பார்த்த நாட்கள்

தில்லையடியில் கமீலா தைத்த உடுப்பு இல்லாத வீடு குறைவு. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்து இறங்கியபோது பள்ளிக்கூடப் பிள்ளை. அகதி முகாமில் தையல் பழகியவள், பிறகு அந்த ஊரிலேயே கலியாணம் முடித்து, ஒரு மகளைக் கற்பிட்டியில் கட்டிக்கொடுத்து, இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டாள். கணவன் நூர்தீனுக்கு உப்பளத்தில் வேலை. அவன் அதிகம் கதைக்காதவன். அந்தக் குறையை இவள் தீர்த்துவைத்திருந்தாள்.

ஒரு காலையில் அபாயா ஒன்றுக்குக் கழுத்து வெட்ட அளவு பிடிபடவில்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்று தன் கழுத்திலேயே நாடாவைச் சுற்றினாள். விரலுக்கு அடியில் ஏதோ உருண்டது. சின்ன நெல்லிக்காய் அளவு இருக்கும். நாடாவை எடுத்துவிட்டுத் தடவினாள். இருந்தது. பிஸ்மி சொல்லிவிட்டுத் தடவினாள். அப்போதும் இருந்தது.

டிஸ்பென்சரி டொக்டர் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு அனுப்பினார். அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். மெல்லிய ஊசியொன்றைக் கட்டிக்குள் விட்டு உறிஞ்சிக் கொழும்புக்கு அனுப்பினார்கள். ரிப்போட் வர மூன்று கிழமை செல்லும் என்றாள் டொக்டர் பெண். "பய வெண்ட எப்பா" என்று சிங்களத்தில் தொடங்கி, பிறகு தமிழில், "பயப்படாதீங்க அம்மா, பெரும்பாலும் ஒண்டும் இருக்காது" என்று முடித்தாள்.

கமீலா வீட்டுக்குக் கொண்டுவந்தது அந்தப் 'பெரும்பாலும்' என்ற ஒரு சொல்லை மட்டும்தான்.

போனில் டொக்டர்மாரின் வீடியோக்களைப் பார்க்கத் தொடங்கினாள். விழுங்கும்போது கட்டி ஏறி இறங்குகிறதா என்று கவனிக்கும்படி ஒருவர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து கண்ணாடிக்கு முன்னால் நின்று விழுங்கினாள். எச்சில் வற்றியதும் தண்ணீரை விழுங்கினாள். விழுங்கி விழுங்கி மூன்றாம் நாள் தொண்டை உண்மையாகவே நொந்தது. விழுங்கும்போது நோவு இருந்தால் கவனம் என்று இன்னொரு வீடியோ சொன்னது. அன்று பகல் சோறு இறங்கவில்லை.

"ஒண்டுமில்ல, நீ சாப்பிடு" என்றான் நூர்தீன்.

"இஞ்ச, நான் மௌத்தாப் போனா நீங்க இன்னொரு கலியாணம் முடிப்பீங்களா?"

நூர்தீன் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தான். யோசனை முழுக்க முள்ளில் இருந்தது.

"யார?" என்றான்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் அந்த வீட்டில் கறிக்கு உப்புப் போடப்படவில்லை. உப்பளத்தில் வேலை செய்கிறவன், வாயைத் திறக்காமல் சாப்பிட்டு எழும்பினான்.

தையலுக்கு வந்தவர்கள் பாடு இன்னும் மோசம். கழுத்து அளவு எடுக்கும் சாட்டில் ஒவ்வொருத்தியின் தொண்டையையும் கமீலா தடவினாள். "ஒருக்கா விழுங்குங்க" என்றாள். தன்னுடையதைப் போல வேறு யாருக்காவது இருந்தால் மனம் ஆறும் என்று நினைத்தாள். கையில் தட்டுப்பட்டதையெல்லாம் கட்டி என்று சொன்னதில், மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வரவிருந்த ஒரு பெண்பிள்ளை அழுதுகொண்டு ஓடியது. தாய் வந்து துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனாள்.

மௌத்துக்கு முன் மனிதரோடு கணக்குத் தீர்க்க வேண்டும் என்று கமீலாவுக்குப் பட்டது. தீர்க்க இருந்தது ஒரே ஒரு ஆள். நூர்தீனின் தங்கை மபாஸா. தன் மகளின் கலியாண உடுப்பைக் கமீலா பிழையாகத் தைத்தாள் என்று விருந்தில் வைத்தே சொன்னவள். நாலு வருடமாக இருவருக்கும் கதை இல்லை. பெருநாளைக்குச் சாப்பாட்டுத் தட்டுகள் மட்டும் போய் வந்தன, மூடியபடி.

மபாஸா கதவைத் திறந்ததும் கமீலா நேரே சொன்னாள். "மச்சி, எனக்குத் தொண்டைல கட்டி. நான் இரிப்பனோ தெரியா. நான் செஞ்சது பிழ எண்டா மன்னிச்சிரு."

"என்ன கத மதினி இது!" மபாஸா கட்டிப்பிடித்து அழத் தொடங்கினாள். கமீலாவும் அழுதாள். அழுதுகொண்டிருக்கையில் கை பழக்கதோஷத்தில் மபாஸாவின் கழுத்துக்குப் போனது. கமீலாவின் அழுகை நின்றது.

"மச்சி, ஒருக்கா விழுங்கு பாப்பம்."

"என்னத்துக்கு?"

"ஒனக்கும் இரிக்கு!"

அடுத்த கிழமையே மபாஸாவும் இரத்தம் சோதித்து, ஸ்கேன் எடுத்தாள். காலையில் இவள் அங்கே போவாள், பின்னேரம் அவள் இங்கே வருவாள். இருவரும் ஒன்றாக இருந்து விழுங்கினார்கள். கமீலாவுக்குச் சோறு இறங்கத் தொடங்கியது. யாருடைய கட்டி பெரிது என்பதில்தான் இணக்கம் வரவில்லை. "ஒங்கடது கைக்குப் படுது மதினி, என்ட உள்ளுக்கு. உள்ளுக்கு இரிக்கிறதுதான் மோசம்" என்றாள் மபாஸா, கொஞ்சம் பெருமையாகவே.

ரிப்போட் நாளில் இருவரும் கிளினிக்கின் நீள வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்தார்கள்.  முதலில் கமீலாவைக் கூப்பிட்டார்கள். மபாஸாவும் கூடவே உள்ளே போனாள்.

டொக்டர் பெண் தாளைப் பார்த்தாள். "அம்மாக்கு இது சும்மா கட்டி. புற்றுநோய் இல்ல. ஆறு மாசத்தில திரும்ப ஸ்கேன் பாப்பம். அவ்வளவுதான்."

கமீலா மேசையைப் பிடித்துக்கொண்டு அல்ஹம்துலில்லாஹ் என்றாள். 

"என்டத பாருங்க டொக்டர்" என்று மபாஸா தன் ஸ்கேனை நீட்டினாள். டொக்டர் பார்த்தாள், கழுத்தைத் தொட்டாள், விழுங்கச் சொன்னாள். "உங்களுக்கு ஒண்டுமே இல்லயே. நல்ல கழுத்து. யார் உங்களுக்குக் கட்டி எண்டு சொன்னது?"

கமீலா ஜன்னலைப் பார்த்தாள்.

வெளியே வந்தபோது மபாஸாவின் முகம் தொங்கியிருந்தது. "ஒண்டுமே இல்லயாம்" என்றாள், யாரோ தன்னை அவமானப்படுத்திவிட்ட மாதிரி. "ஊருக்கெல்லாம் சொல்லிட்டன் மதினி. மகள் டுபாய்ல இரிந்து அழுவுறாள். இப்ப என்னத்தச் சொல்ல?"

"'சும்மா கட்டி' எண்டு என்டதையே ரெண்டு பேருக்கும் சொல்லு" என்றாள் கமீலா. அதற்கு மபாஸா சிரித்துவிட்டாள். சிரித்தபடியே அழுதாள். மருந்து எடுக்க நின்ற வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

கமீலா நூர்தீனுக்குப் போன் எடுத்தாள்.

"இஞ்ச, ஒண்டுமில்லயாம். சும்மா கட்டியாம்."

"ம்" என்றான் நூர்தீன்.  மூக்கை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பிறகு போனை வேறு யாரோ வாங்கினார்கள். உப்பளத்தில் கூட வேலை செய்யும் உசனாரின் குரல்.

"ஹலோ, யார் பேசுற? நூர்தீன் நானா வரம்புல குந்தி விம்மி விம்மி அழுவுறார். மதினிக்குச் சுகமில்ல எண்டு தெரியும். எப்ப நடந்த? இன்னாலில்லாஹி..."

"டேய் உசனார்! நான்தான் பேசுறன்! உசிரோட இரிக்கன்டா!"



"அப்ப ஏன் மதினி இவர் அழுவுறார்?"

கமீலா போனை மற்றக் காதுக்கு மாற்றினாள். 'ஒண்டுமில்ல' என்று மூன்று கிழமையாகச் சொல்லிக்கொண்டு உப்பில்லாத கறியைச் சாப்பிட்ட மனிதனை நினைத்தாள்.

"அழட்டும், விடு" என்றாள். "முடிஞ்சதும் நேரே வீட்ட வரச் சொல்லு. இண்டைக்கு இறால் ஆக்குறன்."