வாசலில் இல்லாத கதிரை

வெள்ளவத்தையில் எங்கள் அடுக்குமாடி வாசலில் காவலுக்கு நிற்பவருக்கு உட்காரக் கதிரை கிடையாது. இருந்தால் நித்திரை கொண்டுவிடுவாராம். நிர்வாகக் குழு ஏகமனதாக எடுத்த முடிவு. ஏகமனது என்றால் என்னைத் தவிர. மலையகத்திலிருந்து வந்த அந்த மனிதருக்கு அறுபது தாண்டிவிட்டது. பின்னேரமானால் கால் இரண்டும் வீங்கிவிடும். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் வீட்டுக் கதிரை ஒன்றை இறக்கிக் கொடுத்தால், "வேணாம்மா, வேலை போயிரும்," என்கிறார்.

நான் பிரான்சுக்குப் போகக் காத்திருக்கும் பெண்களுக்கு வீட்டில் பிரெஞ்சு படிப்பிக்கிறவள். வாய் சும்மா இருக்காது. அடுத்த கூட்டத்தில் எழும்பினேன். கூட்டம் கீழே, வாகனம் நிறுத்தும் இடத்தில். எங்களுக்கெல்லாம் வாடகைப் பிளாஸ்டிக் கதிரை. தலைவருக்கு மட்டும் அவர் வீட்டிலிருந்து இறக்கிய மெத்தைக் கதிரை.

"கதிரை எண்டது போர்த்துக்கீசர் விட்டிட்டுப் போன சொல்லு," என்று தொடங்கினேன்.

அதற்குத் தாய் லத்தீன், லத்தீனுக்குத் தாய் கிரேக்கம். கீழே இருப்பதற்கான இடம், அவ்வளவுதான் பொருள். பிறகு அதில் மேற்றிராணியார், அதாவது பிஷப், ஏறி இருந்தார். அவருடைய கதிரை உள்ள கோயிலுக்கே கதிரையின் பெயர் வந்தது, கதீட்ரல் என்று. நான் பிறந்த கொட்டாஞ்சேனையிலும் அப்படி ஒரு பேராலயம் உண்டு. சின்ன வயதில் அதைக் கடவுளுக்குக் கட்டினார்கள் என்று நம்பியிருந்தேன். பிரெஞ்சுக்காரர் அந்தச் சொல்லைச் சாப்பாட்டு மேசைக்கு இழுத்தார்கள். ஆங்கிலேயர் அதில் கூட்டத் தலைவரை இருத்தினார்கள். ஜேர்மன்காரர் வாத்தியாரின் மேசை ஆக்கினார்கள். ஸ்பானியர்தான் கெட்டிக்காரர், அவர்களிடம் அது இடுப்புக்குப் பெயராகி நின்றுவிட்டது.

"ஐரோப்பா முழுக்க இருந்திட்டாங்கள். எங்கட வாசல்ல நிக்கிற மனிசன் மட்டும் இருக்கக் கூடாதோ?"

தலைவர் ஓய்வுபெற்ற பெரிய உத்தியோகத்தர். மெத்தையில் சாய்ந்தபடி, "டீச்சர், இது வகுப்பில்லை," என்றார். சனம் சிரித்தது. கதிரை கொடுக்கலாம் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார். என் கை மட்டும் மேலே போனது. வெட்கத்தைவிட ஆத்திரம்தான் கூட. மேற்றிராணியார் வரைக்கும் போய்வந்தும் ஒரு பிளாஸ்டிக் கதிரை வாங்க வக்கில்லை.

பிறகொரு மத்தியானம் கரண்ட் போய் லிப்ட் நின்றுவிட்டது. நான் படியிறங்கி வாசலுக்கு வரும்போது தலைவர் சந்தைப் பையோடு உள்ளே வந்தார். வீடு ஏழாம் மாடியில். முகம் வெளிறிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருக்க ஓர் இடமில்லை.

காவல்காரர் படிக்குக் கீழே ஒளித்து வைத்திருந்த பெயின்ட் வாளியை எடுத்துக் கவிழ்த்தார். கைலேஞ்சியால் துடைத்தார்.

"உக்காருங்கய்யா. மூச்சு வாங்குது பாருங்க."

தலைவர் அதன்மேல் இருந்தார். கிரேக்கம் என் நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன். காவல்காரர் கொடுத்த தண்ணீரைக் குடித்துச் சற்றுத் தெளிந்ததும் தலைவர் அவரை அண்ணாந்து பார்த்தார்.

"நீர் ஏன் நிக்கிறீர்? நீரும் கொஞ்சம் இருமன்."

காவல்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"எதுலங்கய்யா?"

கரண்ட் வந்ததும் அந்த மெத்தைக் கதிரை வாசலுக்கு வந்தது. தூக்கி வந்தது நான்தான். தலைவருக்கு முழங்கால் ஏலாது.