முகாமுக்குப் போய் வந்தவன்

அறுபத்தொன்பதாம் வருஷம் நான்காவது பெண் பிறந்தபோது அம்சாவின் உயிர் போய்த் திரும்பியது. இன்னொரு பிரசவம் வந்தால் இவள் பிழைக்கமாட்டாள், கத்தி வைக்கவும் இவள் உடம்பில் ரத்தமில்லை, புருஷன்தான் குடும்பக்கட்டுப்பாடு செய்துகொள்ள வேண்டும் என்று அரக்கோணத்து டாக்டரம்மா சிங்காரத்தின் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

சிங்காரம் திருத்தணியில் கைத்தறி நெய்கிறவன். தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு நாளெல்லாம் மிதிக்கிற பிழைப்பு. நரம்பை அறுத்தால் கால் செத்துப்போகும், அப்புறம் தறி மிதிக்க முடியாது என்பது அந்தத் தெரு ஆண்களின் வைத்திய சாஸ்திரம். பிள்ளை பெற்றே செத்த பெண்களைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது.

"காயடிச்ச மாடாட்டம் ஆயிடுவேண்டி," என்றான்.

"காயடிச்ச மாடுதான பாவா ஏர் இழுக்குது?" என்றாள் அம்சா.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயால் சரி என்றும் சொல்லிவிட்டான்.

அரக்கோணத்தில் போட்டிருந்த குடும்பக்கட்டுப்பாடு முகாமுக்குப் போனான். வரிசையில் நின்றான். உள்ளேயிருந்து ஒருவன் காலை அகட்டி அகட்டி நடந்து வருவதைப் பார்த்ததும் பின்பக்கமாக நழுவினான். செய்துகொண்டவர்களுக்கு முகாமில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் வாளி கொடுத்தார்கள். அதே போல ஒன்றைக் கடைத்தெருவில் வாங்கிக்கொண்டு ரயிலேறினான்.

ஒரு வாரம் படுத்துக் கிடந்தான். அம்சா முட்டை அவித்துக் கொடுத்தாள். அவனுக்குப் பதிலாகத் தானே குழியில் இறங்கி மிதித்தாள். உண்மை அவன் தொண்டை வரைக்கும் வந்து வந்து போயிற்று. அப்புறம் அவள் பயமில்லாமல் பக்கத்தில் வந்து படுத்தபோது அதை விழுங்கியேவிட்டான்.

ஆடி பிறக்கையில் அம்சா வாந்தி எடுத்தாள்.

"எம்மவன் அறுத்துகினு வந்துகிறான். இது யாருதுடி?" சிங்காரத்தின் தாய் தாயாரம்மாள் தெருவையே கூட்டினாள். "மலைக்கு நட. சன்னதியில கற்பூரத்த அணைச்சி சத்தியம் பண்ணு!"

பெண்தான் நெருப்பில் கை வைக்க வேண்டும். ஆணைப் பார்த்து, நீ உண்மையில் என்ன செய்தாய் என்று கேட்கிற வழக்கம் எந்தச் சன்னதியிலும் இல்லை.

மூச்சு வாங்க வாங்க அம்சா படியேறினாள். பின்னால் சிங்காரம். அவனுக்கும் பின்னால் தாயாரம்மாளும் தெருச்சனமும். வாயைத் திறந்தால் தெரு அவனைக் கேலி பேசியே கொல்லும். திறக்காவிட்டால் அவளைக் கொல்லும்.

கற்பூரம் எரிந்தது. கையை நீட்டுவதற்கு முன் அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"டாக்டருங்கதான் சரியா பண்ல போல. உம்மேல இன்னா தப்பு? மனச வுட்டுடாத பாவா."

அதற்கு மேல் அவனால் முடியவில்லை. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தாயைப் பார்த்துக் கத்தினான்.

"நான் பண்ணிக்கவே இல்லம்மா! ஓடியாந்துட்டேன்! வாளி கடையில வாங்குனது!"

கூட்டத்தில் எவனோ சிரித்தான். தாயாரம்மாளின் முகம் மலர்ந்தது. "அப்ப நம்ம வூட்டுப் புள்ளதான்! முருகா, இதயாவது ஆம்பளயா குடுப்பா!"

அம்சா அழவில்லை.

"அப்ப, நான் சாவறதுதானா பாவா?"

சிங்காரம் அவளைத் தாங்கப் போனான். கையை உதறிவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து அவள் தனியாகப் படியிறங்கினாள்.