விரிசலை வெளுத்த கேமரா

வெயில் அதே வெயில், சுவர் அதே சுவர், கேமராவும் அதே கேமரா. அப்படியிருக்க ஒரு படம் சரியாகவும் அடுத்த படம் சுண்ணாம்பில் முக்கி எடுத்தது போலவும் வருவது ஏன்? அந்தச் சித்திரையில் யாராவது என்னிடம் இதைக் கேட்டிருந்தால் தலையைச் சொறிந்துகொண்டு நின்றிருப்பேன். சுகந்தியிடம் கேட்டிருந்தால், "அது என் கைராசி" என்று சொல்லியிருப்பாள்.

சுகந்தி அரநாயக்கப் பக்கத்துத் தோட்டமொன்றின் கீழ்ப்பிரிவுக்காரி. அவிசாவளைத் தையல் பெக்டரியில் சில வருடம் வேலை செய்துவிட்டு, யாரோ பாவித்த ஒரு டிஜிட்டல் கேமராவோடு தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குத் திரும்பினாள். அன்றிலிருந்து சடங்கு வீடு, கல்யாணம், முதல் நன்மை, தேர்த் திருவிழா எதுவானாலும் படம் பிடிப்பது அவள்தான்.

அவளுடைய படங்களில் ஒரு விசேஷம் இருந்தது. வீட்டுக்குள் எடுத்தால் ஆட்கள் இருக்கிற நிறத்தில் இருப்பார்கள். வெளியே குடும்பத்தோடு நிறுத்தி எடுத்தாலோ, கொழுந்து மலையில் காய்ந்த முகமெல்லாம் பால் போல வெளுத்துவிடும். மணப்பெண் முகத்தில் அலங்காரக்காரி பூசிய பவுடருக்கு மேல் கேமராவும் ஒரு பூச்சுப் பூசும். சில படங்களில் மூக்குத்தி இருக்கும், மூக்கைத் தேட வேண்டும். ஒருவரும் குறை சொன்னதில்லை. "சுகந்தி எடுத்தா வெள்ளையா வரலாம்" என்று கலவானையிலிருந்துகூட ஆள் வந்தது. தன் திறமை என்றே அவளும் நம்பினாள்.

இப்படியிருக்கும்போதுதான் அவர்களுடைய லயத்தின் பின்சுவர் வெடித்தது. சுகந்தி குடியிருந்த அறையான காம்பிராவில் தொடங்கிய விரிசல், பக்கத்துக் காம்பிரா விஜயகலாவின் அடுப்படி வரைக்கும் போனது. அரநாயக்கவில் 2016 மே மாதத்து மண்சரிவைப் பார்த்த சனங்கள் விரிசலைச் சாதாரணமாக எடுப்பதில்லை. சுவருக்குப் பின்னால் நிற்பதோ செங்குத்தான மலை. அரசாங்கக் கந்தோரில் அதிகாரியாக இருந்த மிஸ் சொன்னார்: சுவரைப் படமெடுத்துக் கொண்டு வாருங்கள், ஆபத்து தெரிந்தால் மழைக்கு முன் பரிசோதிக்க ஆட்களை அனுப்புகிறோம், இடம் மாற்ற ஏற்பாடு செய்வோம். ஆட்கள் வராவிட்டால் வைகாசி மழையை அந்தச் சுவருக்கடியில் படுத்தபடிதான் கழிக்க வேண்டும்.

முதலில் தனுஷன் என்கிற பையன் போனில் எடுத்து அனுப்பினான். அவனுடைய போன் முகப்பருவை மறைப்பது போலவே விரிசலையும் மறைத்துவிட்டது. நல்ல கேமராவில் எடுத்து வரும்படி கந்தோரில் சொன்னார்கள்.

தொழிற்சங்கத் தலைவர் நாகலிங்கம் சால்வையோடு வந்து இறங்கினார். "மலையும் தெரியணும், சொவரும் தெரியணும், சனமும் தெரியணும். முன்னால நானும் தெரியணும். எல்லாம் ஒரே படத்துல."

அப்படி எடுக்கும் வழி சுகந்திக்குத் தெரியும். கேமராவின் துவார எண்ணைக் கூட்டினால் லென்ஸின் துவாரம் சுருங்கும், முன்னாலும் பின்னாலும் தெளிவாக விழும். குறைகிற வெளிச்சத்துக்காகக் கேமரா தானாகவே கூடுதல் நேரம் திறந்திருக்கும். எண்ணைப் பதினொன்றில் வைத்து எடுத்தாள். எல்லோரும் ஓடி வந்து கேமராவுக்குள் எட்டிப் பார்த்தார்கள். அத்தனை பேரும் வெள்ளை. அத்தனை பேருக்கும் சந்தோஷம். சுவரை ஒருவரும் பார்க்கவில்லை.

படத்தை ஸ்டூடியோவில் கழுவி நாகலிங்கமே கந்தோருக்கு எடுத்துப் போனார். மிஸ் சுவரை உற்றுப் பார்த்து, "அலுத் தீந்தத?" என்று கேட்டாராம். புதிதாகப் பெயின்ட் அடித்தீர்களா என்று. தலைவர் மலையேறி வந்த வேகத்தில் சால்வை பாதி வழியில் விழுந்ததுகூடத் தெரியவில்லை.

"ஏ புள்ள, வெரிசல் எங்க?"

"சொவத்துல இருக்குங்க தலைவரே."

"சொவத்துல இருக்கு. ஒன் படத்துல எங்க இருக்கு?"

விஜயகலா படத்தை வாங்கிப் பார்த்தாள். "நான் நல்லாத்தான வந்திருக்கேன்? தலைவரே, எனக்கொரு கொப்பி கழுவிக் குடுங்க."

"நீ நல்லாருக்கனு ஒனக்கு ஊடு குடுக்கப் போறாங்களா?"

வெள்ளிக்கிழமைக்குள் வேறு படம் வராவிட்டால் பரிசோதனைக்காரர்கள் அடுத்த தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். லயமே கூடிக் காரணம் தேடியது. தோட்டக் கம்பனிக்காரன் ஏதோ செய்துவிட்டான் என்றார் நாகலிங்கம். மெமரி கார்டில் வைரஸ் என்றான் தனுஷன். கண்ணூறு என்று விஜயகலா கேமரா வாரில் எலுமிச்சங்காயும் மிளகாயும் கட்டிவிட்டாள். அந்த மிளகாய் சுகந்தியின் கன்னத்தில் உரசி எரிந்ததுதான் மிச்சம்.

எல்லோரும் கொழுந்து பறிக்க மலைக்குப் போன பிறகு, சுகந்தி கேமராவை ஒரு முக்காலியில் வைத்துச் சுவரைப் பார்க்கத் திருப்பினாள். வேறொன்றையும் தொடாமல் எண்ணை மட்டும் மாற்றி மாற்றி எடுத்தாள். மிகக் குறைந்த எண்ணான நான்கில் விரிசல் கரியால் கீறியது போல இருந்தது. ஐந்தரையில் சாம்பல் நிறம். எட்டில் நூல் மாதிரி. பதினொன்றில் சுத்தம், புதுப் பெயின்ட். எந்த எண்ணில் எடுத்தாலும் படம் ஒரே வெளிச்சத்தில் வந்திருக்க வேண்டும்.

கேமராவைத் திருப்பி லென்ஸுக்குள் பார்த்தாள். பதினொன்றில் வைத்து, துவாரத்தைச் சுருக்கிக் காட்டும் சின்னப் பொத்தானை அமுக்கினாள். மிளகளவுக்குச் சுருங்க வேண்டிய துவாரம் ஆந்தைக் கண் போல முழித்துக்கொண்டிருந்தது. மறுபடி அமுக்கினாள். உள்ளே இருந்த தகடுகள் லேசாகத் துடித்துவிட்டு அப்படியே நின்றன. செருப்பையும் சேட்டிபிகேட்டையும் பூஞ்சை பிடிக்க வைக்கும் தோட்டத்து ஈரம் லென்ஸை மட்டும் விட்டுவைக்குமா? சுருங்கிய துவாரத்துக்குக் கணக்குப் போட்ட நேரம் முழுக்க அகலத் துவாரம் திறந்தே கிடக்க, வெளிச்சம் வழிந்து சுவரைக் கழுவியிருக்கிறது. மணப்பெண்களையும் அதுதான் கழுவியிருக்கிறது. வீட்டு இருட்டுக்குள் குறைந்த எண்ணில் எடுக்கப்பட்டவர்கள் மட்டும் தப்பியிருக்கிறார்கள். கைராசி என்று இத்தனை நாளும் வாங்கிய பாராட்டெல்லாம் ஒட்டிப்போன தகடுகளுக்குச் சேர வேண்டியது.

கேகாலையில் கேமரா திருத்தும் றிஸாத் நானாவுக்குப் போன் எடுத்தாள்.

"தகடு ஒட்டீக்கி தங்கச்சி. கழட்டித்தான் கழுவோணும். மூணு கெழம, இருவத்தோரு நாளாவது போகும்."

"வெள்ளிக்கெழமைக்கு வேணும் நானா."

"அப்ப ஆகக் கொறஞ்ச நம்பர்ல எடுங்க. அதுல தகடு சுருங்கத் தேவல்ல. ஆனா ஒரு தூரத்துல ஈக்கிறது மட்டுந்தான் தெளிவா வரும்."

அன்று மாலை சனத்தையெல்லாம் சுவரோடு முதுகு ஒட்டி நிற்கச் சொன்னாள். அப்படி நின்றால் முகமும் விரிசலும் ஒரே தூரம். எல்லோரும் நின்றார்கள். நாகலிங்கம் மட்டும் தன் பிளாஸ்டிக் நாற்காலியை நன்றாக முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தோட்டத்தில் எந்தப் படத்திலும் தலைவர் முன்னால்தான் இருப்பார். தேர் படத்தில் சாமிக்கே முன்னால் இருந்தவர்.

"தலைவரே, பின்னால போங்க. இல்லாட்டி ஒண்ணு நீங்க தெளிவா வருவீங்க, இல்ல வெரிசல் தெளிவா வரும்."

"தலைவன் சனத்தோட சனமா சொவத்துல ஒட்டிக்கிட்டு நிக்கிறதா? ரெண்டையும் எடு."

"ரெண்டும் வராதுங்க."

"நாகலிங்கத்துக்கு வராத படமா? என் மூஞ்சியப் பாத்து எடு."

விஜயகலா சுவரடியிலிருந்து கத்தினாள். "நீங்க சாஞ்சா நாற்காலிதான் தலைவரே ஒடையும். இந்தச் சொவரு சாஞ்சா நாங்க மிஞ்ச மாட்டோம்!"

சனம் சிரித்தது. தலைவர் சால்வையைச் சரிசெய்துகொண்டு கேமராவைப் பார்த்து நிமிர்ந்தார். சுகந்திக்கு வேலை வாங்கிக் கொடுப்பவரும் அவர்தான், கெடுப்பவரும் அவர்தான். ஆனால் அந்தச் சுவருக்கு உட்புறம்தான் அவள் பாய் விரிக்கிறாள். நான்கில் வைத்தாள். விரிசலைக் குறி பார்த்தாள். அமுக்கினாள்.

படத்தில் அவரவர் அவரவர் நிறத்தில் இருந்தார்கள். விஜயகலாவின் கை மணிக்கட்டு வரை விரிசலுக்குள் போயிருந்தது. "அய்யோ, இம்புட்டுக் கறுப்பாவா இருக்கேன்!" என்று அவள் ஒரு மூச்சு அழுதாள். முன்னால் நாற்காலியில் புகை மாதிரி ஏதோ உட்கார்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை தலைவரே படத்தைக் கொண்டுபோனார். கந்தோருக்குப் போகும் உரிமையை அவர் யாருக்கும் கொடுப்பதில்லை. மிஸ் விரிசலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, புகையைக் காட்டி, "மே கவுத?" என்றார். இது யார் என்று. தலைவர் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மம தமய், மிஸ்." நான்தான் என்று.

அடுத்த கிழமை பரிசோதிக்க ஆட்கள் வந்தார்கள், சுவரைத் தட்டினார்கள், மலையைப் பார்த்தார்கள். மழை தொடங்குமுன் லயத்துக் குடும்பங்கள் எல்லாம் பள்ளிக்கூட மண்டபத்துக்கு மாறின. புது வீட்டுக்குக் காணி எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் வைகாசியில் அந்தச் சுவர் விழுந்த இரவில் அதற்கடியில் ஒருவரும் இல்லை.

வீட்டில் விரிசல் கண்டு, படமெடுத்து அனுப்பும்படி சொல்லப்பட்டிருக்கிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் இந்தக் கதையை அவர்களிடம் சொல்லுங்கள். ஒவ்வொரு எண்ணிலும் சுவரை ஒருமுறை எடுத்து, விரிசல் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு நீங்களே வாசித்துக் காட்டுங்கள், மழைக்கு முன்னால்.